அண்ணத்தில் ஒரு திருகாணி

என் மகளுக்கு எட்டு முடிந்து ஒன்பது நடந்துகொண்டிருந்த வருஷம் முழுவதும், எங்கள் வீட்டில் பெரியவர்கள் மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். உலகம் யுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பத்திரிகையை விரித்தால் ஏதாவது ஒரு நகரம் விழுந்திருக்கும். அதைப் படித்துவிட்டு, காகிதத்துக்கு மேலாக எட்டிப் பார்த்து, வாயை மூடச் சொல்வேன். மூடுவாள். தாடை எங்கே போய் உட்காருகிறது என்று பார்ப்பேன். பிறகு ஒரு பெருமூச்சோடு மறுபடியும் நகரங்களுக்குத் திரும்புவேன்.

மூன்று பேர் என்றால் நான், என் மனைவி, என் அக்கா. சிகந்திராபாத்தை அடுத்த லாலாகுடா ரயில்வே பட்டறையில், வேலைக்குத் தாமதமாக வருகிறவர்களைக் குறித்து வைப்பது என் உத்தியோகம். நானே தாமதமாகப் போனால் குறிக்க ஆள் இல்லை என்பது ஒன்றுதான் அதிலிருந்த சுகம். அக்கா சின்ன வயதில் கணவனை இழந்தவள். எனக்குக் கல்யாணமான புதிதில், குடித்தனத்தை ஒழுங்குபடுத்திவிட்டு ஒரு மாதத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவதாகச் சொல்லித் திருநெல்வேலியிலிருந்து வந்தாள். குடித்தனம் இன்னும் ஒழுங்குபடவில்லை. அடுப்பங்கரை அவள் ராஜ்யம். அங்கே ஒரே சட்டம், எச்சில். எந்தப் பாத்திரம் எந்தக் கைபட்டால் எச்சில், எத்தனை முறை அலம்பினால் தீரும், எது அலம்பினாலும் தீராது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். நிஜாம் சர்க்காரின் சட்டங்களில்கூட அப்பீலுக்கு வழி இருந்தது.

பெண்ணின் வாயில் கோளாறு இருப்பதை முதலில் சொன்னது ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டர். தடுப்பூசிக்குப் போன இடத்தில், இவள் வாயைத் திறந்து அழுதபோது கண்டுபிடித்தார். அழுகைக்கும் சில சமயம் பிரயோஜனம் உண்டு. வாயை மூடினால் இவளுக்கு மேல் வரிசைப் பல்லும் கீழ் வரிசைப் பல்லும் நேராகச் சந்திக்காது. தாடை நெல்லளவு இடதுபுறம் ஒதுங்கித்தான் உட்காரும். சாப்பிடும்போது எல்லாவற்றையும் இடது கடைவாயிலேயே தள்ளி மெல்லுவாள். அது ஏதோ கெட்ட பழக்கம் என்று நினைத்து அதுவரை திட்டிக்கொண்டிருந்தோம்.

படித்தவன் செய்கிற காரியத்தை நானும் செய்தேன். கிளப் லைப்ரரிக்குப் போய்ப் பல் சம்பந்தமான புத்தகம் கேட்டேன். கிடைத்தது குதிரைகளைப் பற்றியது. பல்லைப் பார்த்துக் குதிரையின் வயதைச் சொல்வது எப்படி என்ற அத்தியாயத்தைக் கடைசிவரை படித்தேன். இன்றைக்கும் எனக்கு அது தெரியும். இதுவரை எந்தக் குதிரையும் என்னிடம் வரவில்லை.

சிகந்திராபாத்தில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் ஒரு பார்சி பல் டாக்டர் இருந்தார். லண்டனில் படித்தவர். மூக்கின் நுனியில் கண்ணாடி, ஆளைப் பார்க்காமல் வாயை மட்டும் பார்க்கிற கண். இவளை நாற்காலியில் சாய்த்து வெகுநேரம் பார்த்துவிட்டு, மேசை மேலிருந்த ஒரு மருந்து டப்பாவை எடுத்தார். அதன் மேல் அதைவிடக் கொஞ்சம் சின்னதான வேறொரு மூடியை வைத்துக் காட்டினார். நேராக வைத்தால் உட்காரவில்லை. ஒரு பக்கமாகத் தள்ளினால் ஒருவாறு உட்கார்ந்தது. உங்கள் பெண்ணின் மேல்தாடை இந்த மூடி என்றார். மூடியை அகலப்படுத்த வேண்டும்.

எலும்பை எப்படி அகலப்படுத்துவது என்று கேட்டேன். அண்ணத்தின் நடுவில், மேலே, ஒரு தையல் மாதிரி இருக்கிறதாம். குழந்தைப் பருவத்தில் அது இளக்கமாக இருக்கும். மெல்ல மெல்லத் தள்ளினால் வழிவிடும். வயதாக ஆக இறுகிவிடும். இந்த வருஷமும் அடுத்த வருஷமும் விட்டுவிட்டால் தாடை கோணலாகவே வளர்ந்து கோணலாகவே நின்றுவிடும், அப்புறம் என்னிடம் வராதீர்கள் என்று சாந்தமாகச் சொன்னார்.

சாந்துக் கலவையை வாய் நிறைய வைத்து அச்செடுத்தார். குழந்தைக்குக் குமட்டியது. எனக்கும் குமட்டியது. என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார்.

சில வாரங்களில் பிளேட் தயாராயிற்று. கருஞ்சிவப்பு ரப்பரில், அண்ணத்தின் வடிவத்துக்குச் செய்த ஒரு சின்ன ஓடு. நடுவில் நீளவாக்கில் இரண்டாக அறுத்திருந்தது. இரண்டு பாதியையும் குறுக்கே ஒரு திருகாணி இணைத்தது. வளைந்த ஊசி மாதிரி ஒரு சாவி உண்டு. அதைத் திருகாணியின் துளையில் விட்டு வாரத்துக்கு ஒரு தடவை கால் சுற்று திருப்பினால், பாதிகள் மயிரிழை விலகும். அவை விலகினால் அண்ணமும் விலகும். எந்நேரமும் வாயில் இருக்க வேண்டும். சாப்பிடும்போதும் இருக்க வேண்டும். சாப்பிட்டபின் எடுத்துக் கழுவி உடனே மாட்ட வேண்டும். இந்தத் திருகாணி சீமையிலிருந்து வந்தது, என் மேசையில் இதுதான் கடைசி, கப்பல்கள் எல்லாம் வேறு வேலையாக இருக்கின்றன, தொலைத்துவிடாதீர்கள் என்றும் சொன்னார்.

தொலைக்கவில்லை. அவ்வளவு தூரம் நாங்கள் ஒழுங்கானவர்கள்தான்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ரப்பர் எந்தப் பிராணியிலிருந்து வருகிறது என்று கேட்டாள். மரத்துப் பால் என்றேன். அதோடு விட்டுவிட்டாள். சாப்பாட்டு வேளையில்தான் வழக்கு ஆரம்பமாயிற்று.

"ஏட்டி, அதைக் கழட்டி வச்சுட்டு வந்து இலையில உக்காரு."

"சாப்பிடும்போதும் போட்டிருக்கணுமாம் அக்கா" என்றேன்.

"எச்சிப் பண்டத்தை வாயில வச்சுக்கிட்டே சோறு திங்கச் சொல்லுதாரா உன் டாக்டரு? சோத்துப் பருக்கை அதுக்கு அடியில போயி உக்காந்துக்கிடும். அதோட அடுத்த வாய்ச் சோறு. அதோட விளக்கு முன்னால நின்னு பாட்டு. நல்லாத்தான் இருக்கு தம்பி."

நாள் முழுவதும் பட்டறையில் சங்குச் சத்தத்தோடு மல்லாடிவிட்டு வந்தவன் நான். வீட்டில் இன்னொரு சங்கு ஊதுவதை நான் விரும்பவில்லை. மனைவி இரண்டு பக்கமும் சாய்ந்து ஒரு சமாதானம் செய்தாள். சாப்பிடுகிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் பிளேட் வெளியே இருக்கட்டும், சாப்பிட்டதும் மாட்டிவிடலாம் என்றாள். நியாயமாகத்தான் பட்டது. முற்றத்தில் கை கழுவுகிற இடத்தில், ஜன்னல் விளிம்பில், ஒரு கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் ஊற்றி அதற்கு இடம் ஒதுக்கினோம்.

ஆனால் சட்டத்துக்கு ஒரு உட்பிரிவு கொடுத்தால் மற்ற உட்பிரிவுகள் தாமாகவே வந்து சேரும். காப்பியும் உணவுதான், ஆகையால் காப்பிக்குக் கழற்ற வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்து தின்கிற முறுக்குக்கும் கழற்ற வேண்டும். சாயங்காலம் விளக்கேற்றித் திருநீறு பூசும்போது வாயில் ரப்பர் கூடாது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது கூடாது. கோயிலுக்குப் போனால் கூடாது. பள்ளிக்கூடத்தில் தெலுங்குப் பாட்டை ஒப்பிக்கச் சொன்ன வாத்தியார், வாயில் என்ன அது, எடுத்துவிட்டுச் சொல் என்றாராம். ஆகவே பள்ளிக்கூடமும் சேர்ந்தது. பெண்ணுக்கு இதில் ஆட்சேபணை இருக்குமா? காலனிப் பிள்ளைகளோடு அந்த ஊர் உருதுவான தக்கினியில் கத்தி விளையாடுவதற்கு அது இடைஞ்சல். தமிழில் நாங்கள் என்ன கேட்டாலும், வாயில் பிளேட் இருந்தால் தலையை மட்டும் ஆட்டுவாள். இல்லாவிட்டால் "நக்கோ" என்பாள், தக்கினியில் வேண்டாம், முடியாது எல்லாம் அதுதான். ஆக, அவள் படுக்கப் போகும்போதுதான் அது வாய்க்குள் போகும். காலையில் பார்த்தால் தலையணைக்கு அடியில் கிடக்கும். நாக்கால் தள்ளிவிடுவாள் போலிருக்கிறது. இவ்வளவும் எங்கள் கண்ணெதிரே நடந்தது. கூட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஏனென்றால் சாவியை மட்டும் நாங்கள் தவறவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, பத்திரிகை படித்து முடித்ததும் குப்பியிலிருந்து பிளேட்டை எடுத்து, சாவியை விட்டு, கால் சுற்று திருப்புவேன். அந்தக் கால் சுற்றில் எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. பட்டறையில் எவ்வளவு இரும்பை எத்தனை பேர் திருகினாலும், நான் திருகியது இது ஒன்றுதான். வாரத்துக்கு ஒரு மயிரிழை என் மகளின் முகம் நேராகிக்கொண்டிருக்கிறது என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, இன்னொரு காப்பி கேட்பேன்.

மழைக்காலம் போய்க் குளிர் ஆரம்பித்த சமயத்தில் ஒரு நாள் பிளேட் வாய்க்குள் போகவில்லை. அதற்கு முன்பே கொஞ்ச நாளாக வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். எலும்பு விலகுகிறது, வலிக்கத்தான் செய்யும் என்று விளக்கம் கொடுத்திருந்தேன். அன்றைக்கு மனைவி மாட்டிப் பார்த்தாள். நான் மாட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஈறில் இடித்துக்கொண்டு நின்றது. குழந்தை அழுதாள். அழும்போது கவனித்தேன், தாடை அதே இடதுபுறத்தில்தான் இருந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஜட்கா பிடித்தேன். மனைவியும் வந்தாள். வழக்கத்துக்கு மாறாக அக்காவும் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஏன் என்று கேட்டதற்கு, வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்ய என்றாள். வண்டிக் குதிரையின் பல்லைப் பார்க்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அடக்கிக்கொண்டேன்.

டாக்டர் பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அலமாரியிலிருந்து பழைய சாந்து அச்சை எடுத்து, ஒரு காம்பஸால் அதையும், பிறகு பெண்ணின் வாயையும், பிறகு பிளேட்டையும் அளந்தார். அளந்துவிட்டு உட்கார்ந்தார். அண்ணம் அநேகமாக அப்படியே இருக்கிறது, பிளேட்தான் வளர்ந்திருக்கிறது என்றார். வாரத்துக்கு எத்தனை தடவை திருப்பினீர்கள் என்று கேட்டார். ஒன்றே ஒன்று, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்று ஆபீஸில் மேலதிகாரிக்குச் சொல்கிற குரலில் சொன்னேன். அவர் திருகாணியைக் காட்டினார். கணக்குப்படி வந்திருக்க வேண்டிய தூரத்தைப்போல் இரண்டு பங்குக்கு மேலேயே அது வந்திருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் இரண்டு பாதியும் கழன்று கையில் வந்துவிடும்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நானும் திருப்புனேன்" என்றாள். "நீங்க பேப்பர்ல கண்ணை வச்சுக்கிட்டே திருப்புவீங்க. திருப்புனீங்களோ, திருப்புனதா நெனச்சுக்கிட்டீங்களோன்னு."

இதை இங்கிலீஷில் டாக்டருக்குச் சொன்னேன், கண்ணை வைத்துக்கொண்டு என்ற பகுதியை விட்டுவிட்டு. அவர் விரலால் ஏதோ கணக்குப் போட்டு, அப்படியும் கொஞ்சம் அதிகமாக இருக்கிறதே என்றார்.

அக்கா உள்ளே வரவில்லை. டாக்டர் நாற்காலி காட்டியும் உட்காராமல், மாடிப்படி முனையில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்து, கீழே சைக்கிள் கடையைப் பார்த்தபடி, "நானும் திருப்புனேன், தம்பி" என்றாள்.

"நீயா? அதைத் தொட்டியா?"

"தொட்டுட்டுக் குளிச்சேன்."

"எப்ப?"

"கார்த்திகைக்குக் கார்த்திகை. முருகனை நெனச்சுக்கிட்டு ஒரு திருப்பு. வெரசா நேராகட்டும்னுதான். பொட்டப்புள்ள முகமில்லா."

எச்சில் குப்பியின் பக்கம்கூடப் போகாதவள், மாதா மாதம் கிருத்திகை விரதத்தன்று அதைக் கையால் எடுத்துத் திருப்பி, மறுபடியும் தலைமுழுகியிருக்கிறாள். குளிர்காலத்திலும். இதையும் டாக்டருக்குச் சொன்னேன். கிருத்திகைக்கு இங்கிலீஷில் என்ன வார்த்தை என்று தெரியாமல், சந்திரனைக் கொண்டு ஒருவாறு விளக்கினேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூன்று பேர் திருப்பியிருக்கிறீர்கள். சரி. போட்டுக்கொண்டது யார்?"

எல்லோரும் குழந்தையைப் பார்த்தோம். அவள் நாற்காலியில் சாய்ந்தபடி, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லாதது போல, பல்லைக் குடைகிற கால் மிதி இயந்திரத்தின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் தக்கினியில் அவளையே கேட்டார். தூங்கும்போது மட்டும் என்று அவளும் தக்கினியில் சொன்னாள். சாப்பிடும்போது? நக்கோ. பள்ளிக்கூடத்தில்? நக்கோ. விளையாடும்போது? அதற்கும் நக்கோ. காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாக வெளியே வந்தது. எங்கள் வீட்டு உட்பிரிவுகள் அத்தனையும் அந்த அறையில் ஒரு அந்நியர் முன்னால் வரிசையாக நின்றன.

அதற்குப் பிறகு டாக்டர் திருகாணியைப் பின்னோக்கித் திருப்ப ஆரம்பித்தார். முதலில் அது அசையவில்லை. கடைசிப் புரிகளில் சிக்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் விட்டார், காத்திருந்தார், மறுபடியும் முயன்றார். உடைந்தால் வேறு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நகரங்கள் விழுந்துகொண்டிருந்த அந்த வருஷத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது அந்த ஒரு இடத்தில்தான். மெதுவாக அசைந்தது. ஒரு சுற்று வந்தது, அப்புறம் இன்னொன்று. பழைய நிலைக்குக் கொண்டுவந்து, பெண்ணின் வாயில் மாட்டினார். உட்கார்ந்தது.

சாவியைத் தம் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். இனி வாரா வாரம் குழந்தையை அழைத்து வாருங்கள், நானே திருப்புகிறேன், சாப்பிடும்போதும் வாயில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வரவே வேண்டாம், காலமும் இல்லை, திருகாணியும் இல்லை என்றார். இதை என்னிடம் சொல்லிவிட்டு, யாரிடம் சொன்னால் நடக்கும் என்று கண்டுபிடித்தவராக, மாடிப்படிப் பக்கம் திரும்பித் தக்கினியில் அக்காவிடம் ஒரு முறை சொன்னார். காய்கறிக்காரியோடு வருஷக்கணக்காகச் சண்டை போட்டதில் அக்காவுக்கு அந்தப் பாஷை போதுமான அளவு தெரியும்.

அன்று மத்தியானம் சாப்பாடு தாமதமாகத்தான் ஆயிற்று. இலை போட்டு உட்கார்ந்தோம். பெண் உட்காருவதற்கு முன் பழக்கப்படி ஜன்னல் பக்கம் நடந்தாள். பாதியில் நின்று அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா சாதக் கரண்டியோடு நின்றாள். ரசம் ஆறிக்கொண்டிருந்தது. நான் தலையிடுவதாக இல்லை. எனக்குப் பசி, அலுப்பு, அதற்கு மேல் அரை நாள் லீவு மிச்சமிருந்தது, அதைச் சண்டையில் செலவழிக்க மனமில்லை.

"எங்கன போற?" என்றாள் அக்கா. "வந்து உக்காரு."

குழந்தை வாயைக் காட்டினாள்.

"வாய்க்குள்ள இருக்கிற வரைக்கும் அது பல்லு. பல்லைக் கழட்டி வச்சுட்டா யாராவது சோறு திங்காங்க? வெளிய எடுத்தாத்தான் எச்சி. எடுக்கப்பிடாது, கேட்டியா."

இவ்வளவுதான் தீர்ப்பு. அப்பீல் இல்லை. பட்டறையில் எத்தனையோ சட்டப் புத்தகங்களைப் புரட்டியிருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாக ஒரு ஷரத்து தலைகீழானதை எங்கும் பார்த்ததில்லை. என் மனைவி என்னைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டாள். குழந்தை உட்கார்ந்து முதல் கவளத்தை வாயில் போட்டு, அது எங்கே போகிறது என்று தெரியாமல் முழித்தாள். பைய மெல்லு, யாரும் விரட்டலை என்றாள் அக்கா.

அன்றிலிருந்து எடுப்பதுதான் குற்றம். காப்பிக்கு எடுத்தால் எச்சில், முறுக்குக்கு எடுத்தால் எச்சில், எடுத்த கையால் எதைத் தொட்டாலும் எச்சில். சாப்பாடு முடிந்ததும் முற்றத்தில் அத்தையின் மேற்பார்வையில் ஒரே ஒரு முறை கழற்றிக் கழுவி மாட்ட அனுமதி. திருநீறு பூசும்போதும் அது வாயிலேயே இருந்தது. சுவாமிக்குப் பல் இருப்பதில் ஆட்சேபணை இல்லை என்று தீர்மானமாயிற்று. பள்ளிக்கூட வாத்தியாரிடம் என்னைப் போய்ச் சொல்லிவிட்டு வரச் சொன்னாள். போனேன். ஒரு தெலுங்குப் பாட்டை ஒப்பிக்காவிட்டால் குடி முழுகிவிடாது என்பதை எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன். என் தெலுங்கைக் கேட்டபின் மகளின் தெலுங்கு அவருக்கு எவ்வளவோ தேவலை என்று பட்டிருக்க வேண்டும்.

அப்புறம் வந்தது ஒரு நீண்ட, சலிப்பான காலம். வாரா வாரம் ஜட்கா, மாடிப்படி, காத்திருப்பு, கால் சுற்று, திரும்ப ஜட்கா. பட்டறையில் என் பெயரை நானே குறித்துக்கொள்ள வேண்டிய நிலை பல முறை வந்தது. முன் இரண்டு பற்களுக்கு நடுவில் ஒரு சந்து விழுந்தபோது மனைவி ஒரு வாரம் தூங்கவில்லை. அது நல்ல அடையாளம், தையல் வழிவிடுகிறது என்றார் டாக்டர். நாங்கள் நம்பியதாகக் காட்டிக்கொண்டோம். சந்து பிறகு தானாகவே மூடிக்கொண்டது. குழந்தைக்குச் சளி பிடித்தது, ஈறு வீங்கியது, ஒரு முறை பிளேட்டில் கீறல் விழுந்து ஒட்டினார்கள். இவளும் ஒரு அங்குலம் வளர்ந்துவிட்டாள். வேறு எதுவும் நடந்ததாக எனக்கு நினைவில்லை. இந்த மாதிரி காலங்களைப் பற்றி யாரும் புத்தகம் எழுதுவதில்லை.

அவளுக்குப் பத்து வயது முடிகிற சமயத்தில் ஒரு நாள் டாக்டர் நீலக் காகிதத் துண்டைப் பல்லுக்கு இடையில் வைத்துக் கடிக்கச் சொன்னார். எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பல் பதிந்திருந்தது. வாயை மூடச் சொன்னார். தாடை நேராக, நடுவில், வேறெங்கும் போக இடமில்லாதது போல் உட்கார்ந்தது. அன்றைக்கும் வாசலில் நின்ற அக்காவை அவர் கையசைத்து அழைத்துக் காட்டினார். அக்கா பக்கத்தில் வந்து, குனிந்து, குழந்தையின் முகத்தை ஒரு நாணயத்தைச் சோதிக்கிற மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "ஹவ்" என்றாள், ஆமாம் என்பதற்குத் தக்கினியில். டாக்டரிடம் அவள் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

இரவில் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். எத்தனை நாள் என்று பெண் கேட்டாள். கொஞ்ச நாள் என்று நான் சொன்னேன். பட்டறையில் சம்பள உயர்வு கேட்கிறவர்களிடம் சொல்வதும் இதைத்தான். அவர்களைப் போலவே அவளும் என்னைப் பார்த்தாள்.

கீழே சைக்கிள் கடை வாசலில் ஒரு வண்டிக்காரன் வேர்க்கடலை வறுத்துக்கொண்டிருந்தான். ஆளுக்கொரு பொட்டலம் வாங்கினேன். அக்கா மட்டும் கடைத்தெருப் பண்டம் வேண்டாம் என்றாள். ஜட்காவில் எதிரே உட்கார்ந்து மகள் தின்பதைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு வாய் வலதில், ஒரு வாய் இடதில், எந்த யோசனையும் இல்லாமல். பார்த்துக்கொண்டே நானும் தின்றேன். கொஞ்ச தூரம் போனபின்தான் கவனித்தேன், நான் எல்லாவற்றையும் இடது கடைவாயில்தான் தள்ளிக்கொண்டிருக்கிறேன். வலது பக்கத்தில் ஒரு கடலையை வைத்துக் கடித்துப் பார்த்தேன். பற்கள் சந்திக்கவில்லை. தாடையைத் தள்ளிப் பார்த்தேன். கொஞ்சம் இடதுபுறம் போய், பழகிய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. தையல் எப்போதோ இறுகியிருக்கும். அதைப் பற்றி வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பொட்டலத்தில் மீதமிருந்ததை இடதுபுறமாகவே தின்று முடித்தேன்.